பித்த உப்புகளும் சிறு பெப்டைடுகளும் தண்ணீரில்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பித்த உப்பும் ஒரு வகை சோப்புத்தானே? எஸ்டிஎஸ்ஸுக்குச் சொல்வதெல்லாம் இதற்கும் பொருந்தாதா?

பொருந்தாது. பெரும்பாலான தவறுகள் இந்த நினைப்பில்தான் தொடங்குகின்றன. எஸ்டிஎஸ், அதாவது சோடியம் டோடெசில் சல்ஃபேட், தலையும் வாலும் உள்ள மூலக்கூறு. 12 கார்பன் வால் தண்ணீருக்கு ஒளிந்துகொள்ள, சுமார் 60 மூலக்கூறுகள் சேர்ந்து ஓர் உருண்டையாகிவிடும்; இதைத்தான் மிசெல் என்பார்கள். அந்த உருண்டைக்குள் எண்ணெய்த்துளி போன்ற ஒரு நடுப்பகுதி உண்டு.

பித்தநீரில் உள்ள உப்புகளில் ஒன்றான சோடியம் கோலேட்டுக்கு வால் கிடையாது. நான்கு வளையங்கள் ஒட்டிய, வளைந்த, விறைப்பான தகடு அது. நாட்டு ஓட்டைக் கவிழ்த்து வைத்தால் எப்படி இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். மேலே புடைத்த முதுகில் இரண்டு மெத்தில் குழுக்கள் (18-ஆம், 19-ஆம் கார்பன்கள்) துருத்திக்கொண்டிருக்கும். அந்தப் பக்கம் தண்ணீரை வெறுக்கும். குழிந்த உள்பக்கத்தில் 3, 7, 12 ஆகிய இடங்களில் ஹைட்ராக்சில் குழுக்கள். அது தண்ணீரை விரும்பும். ஒரு முனையில் குட்டைச் சங்கிலியும் அதன் நுனியில் கார்பாக்சிலேட்டும். இன்னொரு பித்த உப்பான டிஆக்ஸிகோலேட்டில் 7-ஆம் இடத்து ஹைட்ராக்சில் இல்லை. அந்த ஒன்று குறைந்ததிலேயே குணம் வெகுவாக மாறிவிடுகிறது.

இந்த ஓடுகள் முதுகோடு முதுகு ஒட்டும். கோலேட்டில் ஒரு கூட்டுக்கு 2 முதல் 4 மூலக்கூறு. டிஆக்ஸிகோலேட்டில் 4 முதல் 10, உப்பு சேர்த்தால் அதற்கும் மேல். இரண்டு மூலக்கூறு சேர்ந்ததை மிசெல் என்று சொல்வதே கொஞ்சம் மிகைதான். பழக்கத்தில் வந்த சொல் என்பதால் இங்கேயும் அப்படியே வைத்துக்கொள்வோம்.

பெப்டைடு எந்தப் பக்கம் போய் ஒட்டுகிறது?

பெப்டைடு என்பது சில அமினோ அமிலங்கள் கோத்த குட்டைச் சங்கிலி. அது ஒட்டுவது முதுகுப் பக்கம், அதுவும் பெரும்பாலும் அமினோ அமிலங்களின் பக்கச் சங்கிலி வழியாக. என்எம்ஆரில் (அணுக்கருக் காந்த ஒத்ததிர்வு) இதை நேராகவே பார்க்கலாம். கோலேட்டின் 18-ஆம் மெத்தில், என்எம்ஆர் அளவுகோலில் 0.7 பிபிஎம் அருகிலும் 19-ஆம் மெத்தில் 0.9 அருகிலும் தெரியும். டிரிப்டோஃபானோ ஃபினைல்அலனினோ உள்ள பெப்டைடைச் சேர்த்தால், அந்த வளையத்தின் காந்தப் பாதிப்பில் இந்த மெத்தில் குறிகள் உயர்புலப் பக்கம், அதாவது குறைந்த பிபிஎம் பக்கம் நகரும். எந்தப் புரோட்டான்கள் அருகருகே இருக்கின்றன என்று காட்டும் என்ஓஇ வரைபடத்தில் 7 பிபிஎம் பகுதிக்கும் 0.7–0.9 பகுதிக்கும் குறுக்குப் புள்ளிகள் விழும். குழிந்த பக்கத்து புரோட்டான்களோடு அப்படிப் புள்ளி விழுவது அரிது.

ஒட்டுவது என்றால் உள்ளே புதைவது என்று பொருளில்லை. புதைய இங்கே இடமே கிடையாது. ஓட்டின் முதுகில் படிந்து, மறு நொடியே விலகும் உறவுதான். பரிமாற்றம் மிக வேகமானது. அதனால் கட்டுண்ட பெப்டைடுக்கும் தனிப் பெப்டைடுக்கும் தனித்தனிக் குறிகள் வராது, சராசரியான ஒரே குறிதான் வரும்.

எந்தப் பெப்டைடு ஒட்டும், எது ஒட்டாது?

கிளைசில்கிளைசின் போன்றவை கோலேட்டைக் கண்டுகொள்வதே இல்லை. லியூசின், ஃபினைல்அலனின், டைரோசின், டிரிப்டோஃபான் ஏறஏறப் பிடிப்பும் ஏறும். லியூ-என்கெஃபலின் (டைரோசின்–கிளைசின்–கிளைசின்–ஃபினைல்அலனின்–லியூசின், மூலக்கூறு எடை 555.6) நடுத்தரமான, அளப்பதற்கு வசதியான பிடிப்பு உள்ளது. புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு இதைத்தான் பரிந்துரைப்போம்.

லைசின், ஆர்ஜினின் மிகுந்த பெப்டைடுகளின் கதை வேறு. அவற்றின் நேர்மின்னேற்றம் கார்பாக்சிலேட்டைப் பிடித்துக்கொள்ளும். மிசெல் உருவாகும் செறிவுக்குக் கீழேயே கூட்டு உண்டாகலாம். இரு பக்க மின்னேற்றமும் சமமாகும் இடத்தில் கரைசல் கலங்கும். பித்த உப்பை மேலும் சேர்த்தால் பல நேரம் மறுபடி தெளியும்.

பிடிப்பு மின்னேற்றத்தாலா, தண்ணீர் வெறுப்பாலா என்று எப்படிப் பிரித்தறிவது?

சோடியம் குளோரைடு 0, 50, 150 மில்லிமோலார் என மூன்று அளவில் வைத்து அதே அளவீட்டைத் திரும்பச் செய்யுங்கள். பிடிப்பு சட்டென்று குறைந்தால் மின்னேற்றமே முக்கியக் காரணம். அப்படியே நின்றாலோ ஏறினாலோ தண்ணீர் வெறுப்பு. உப்பு சேரும்போது மிசெல் இன்னும் எளிதாக உருவாவதால் அந்த ஏற்றம் வருகிறது.

பிஎச்சையும் சேர்த்துப் பாருங்கள். லியூ-என்கெஃபலினின் அமினோ முனை 7-க்கும் 8-க்கும் இடையில் புரோட்டானை விடும். பிஎச் 7-க்குச் சற்றுக் கீழே மொத்த மின்னேற்றம் பூஜ்யத்தை ஒட்டி இருக்கும். 9-இல் மைனஸ் ஒன்றை நெருங்கும். மிசெல்லும் எதிர்மின்னேற்றம் கொண்டது என்பதால் பெப்டைடை விலக்கும். டிஆக்ஸிகோலேட் படியாமல் இருக்கட்டும் என்று பிஎச்சை 9-க்கு ஏற்றிவிட்டு, பெப்டைடு ஏன் ஒட்டவில்லை என்று தலையைப் பிய்த்துக்கொள்வது நிறையப் பேருக்கு நடப்பது.

கரைசலைத் தயாரிக்கும் முறை?

தாங்கல் கரைசல் (பிஎச் எளிதில் மாறாமல் காப்பது): 20 மில்லிமோலார் சோடியம் பாஸ்பேட், பிஎச் 8.0, 100 மில்லிமோலார் சோடியம் குளோரைடு. இந்த உப்பு காரணத்தோடுதான் சேர்க்கப்படுகிறது. கோலேட்டைக் கூட்டக்கூட அதோடு சோடியமும் கூடும். பின்னணியில் போதிய உப்பு இருந்தால் அந்த மாற்றம் முடிவைக் கெடுக்காது.

கோலேட் மூலக்கரைசல் 100 மில்லிமோலார், 50 மில்லிலிட்டர்: சோடியம் கோலேட் (430.55) 2.153 கிராம். புட்டியில் ஹைட்ரேட் என்று இருந்தால் பகுப்பாய்வுச் சான்றிதழில் நீரின் சதவீதத்தைப் பார்த்துத் திருத்துங்கள். தூளை நிறுக்கும்போது முகக்கவசம் அவசியம். பித்த உப்புத் தூசி மூக்கையும் தொண்டையையும் கடுமையாக எரிக்கும். கரைந்தபின் பிஎச்சை மறுபடி அளந்து, 0.2 மைக்ரோமீட்டர் வடிகட்டியில் விடுங்கள்.

பெப்டைடு மூலக்கரைசல் 5 மில்லிமோலார், 1 மில்லிலிட்டர்: லியூ-என்கெஃபலின் 2.78 மில்லிகிராம் வேண்டும். ஆனால் வாங்கும் தூளில் எல்லாமே பெப்டைடு அல்ல; உப்பும் நீரும் உண்டு. நிகர பெப்டைடு 80 சதவீதம் என்றால் 3.47 மில்லிகிராம் நிறுக்க வேண்டும்.

பிறகு 600 மைக்ரோலிட்டர் குழாய்கள் எட்டு: கோலேட் 0, 4, 8, 12, 16, 24, 40, 60 மில்லிமோலார், பெப்டைடு எல்லாவற்றிலும் 1 மில்லிமோலார். 40 மில்லிமோலார் குழாய்க்குக் கோலேட் மூலக்கரைசல் 240, பெப்டைடு 120, தாங்கல் கரைசல் 240 மைக்ரோலிட்டர். பெப்டைடு கடைசியில் போக வேண்டும், குலுக்கிக்கொண்டே. நேர்மின் பெப்டைடில் வரிசையை மாற்றி, பெப்டைடுக்குள் கோலேட்டைச் சொட்டுச் சொட்டாக விட்டால், மின்னேற்றம் சமமாகும் இடத்தைக் கரைசல் மெதுவாகக் கடக்கும். அப்போது விழும் படிவு சில நேரம் திரும்பக் கரையவே கரையாது.

கனநீரில் செய்தால் பிஎச் மீட்டர் காட்டும் எண்ணோடு 0.4 கூட்டிக்கொள்ளுங்கள்.

பெப்டைடைச் சேர்த்ததும் கரைசல் வெண்மையாகிவிட்டது. பெப்டைடு பித்த உப்போடு சேர்ந்து படிந்துவிட்டதா?

அவசரப்படாதீர்கள். முதலில் பிஎச் மீட்டரை எடுங்கள்.

வேதித்தொகுப்பில் செய்து விற்கும் பெப்டைடுகள் பெரும்பாலும் டிரைஃப்ளூரோஅசெட்டிக் அமில உப்பாகவே வரும். உறைநிலையில் உலர்த்தியபின் மிச்சமிருக்கும் அமிலம், தாங்கும் திறன் குறைந்த கரைசலில் பிஎச்சைச் சட்டென்று இறக்கிவிடும். கோலிக் அமிலத்தின் பிகேஏ (பாதி மூலக்கூறுகள் மின்னேற்றமற்ற அமில வடிவத்தில் இருக்கும் பிஎச்) 5-ஐ ஒட்டியது. டிஆக்ஸிகோலிக் அமிலத்தினுடையது 6-க்கு மேல். மின்னேற்றம் போன அமில வடிவம் தண்ணீரில் கரையாது. பாலில் எலுமிச்சை பிழிந்ததுபோல் நொடியில் திரிந்தால், அது பெப்டைடின் வேலை அல்ல, அமிலத்தின் வேலை. இரண்டு துளி சோடியம் ஹைட்ராக்சைடு விட்டுப் பிஎச்சை 8-க்குக் கொண்டுவாருங்கள். தெளிந்துவிட்டால் விடை கிடைத்துவிட்டது.

நிரந்தரத் தீர்வு: பெப்டைடை 10 மில்லிமோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் கரைத்து உறைநிலையில் உலர்த்துங்கள், இதை மூன்று முறை செய்தால் குளோரைடு உப்பாக மாறும். ஃப்ளூரின் என்எம்ஆரில் மைனஸ் 75–76 பிபிஎம் பக்கம் குறி மறைந்ததா என்று பார்த்தால் உறுதி. இதைச் செய்யாமல் விட்டால் இன்னொரு தொல்லையும் உண்டு. டிரைஃப்ளூரோஅசெட்டேட் எதிரயனி நேர்மின் பெப்டைடோடு தானே இணைந்துகொண்டு, பித்த உப்போடு இடத்துக்குப் போட்டி போடும்.

பிஎச் சரியாக இருந்தும் கலங்கலாக இருந்தால் மூன்று சந்தேகங்கள். ஒன்று, மேலே சொன்ன மின்னேற்றச் சமநிலை. கோலேட்டை இரட்டிப்பாக்கிப் பாருங்கள். இரண்டு, கால்சியம், கடினநீரோ கால்சியம் உள்ள தாங்கல் கரைசலோ டிஆக்ஸிகோலேட்டைப் படியவைக்கும். மூன்றாவது குளிர். எஸ்டிஎஸ்ஸில் பொட்டாசியம் பட்டதும் படிவு விழும் என்ற பயம் இங்கே வேண்டாம்; கோலேட்டுக்குப் பொட்டாசியத்தால் கெடுதல் இல்லை.

கலங்கவில்லை, ஆனால் கரைசல் கூழாகிவிட்டதே?

டிஆக்ஸிகோலேட் வைத்திருப்பீர்கள். பிஎச் 7 முதல் 7.8 வரை உள்ள பட்டையில் அது நீண்ட நார்களாகச் சேர்ந்து, குழாயைச் சாய்த்தாலும் வழியாத கூழாகும். அந்த நார்கள் சுருள் அமைப்பு கொண்டவை என்பதை 1958-இல் அலெக்சாண்டர் ரிச்சும் டேவிட் புளோவும் காட்டினார்கள். கிளைசில்கிளைசினைத் தாங்கல் கரைசலாக வைத்தாலும் இந்தப் பட்டையில் கூழாகும். கிளைசில்கிளைசின் மிசெல்லோடு ஒட்டுகிறது என்பதற்கு இதைச் சான்றாக எடுத்துக்கொள்ளக் கூடாது. பிஎச்சை 8.3-க்கு ஏற்றுங்கள், அல்லது கோலேட்டுக்கு மாறுங்கள். திறந்து வைத்த புட்டி காற்றிலுள்ள கார்பன் டைஆக்சைடை இழுத்துப் பிஎச்சை மெல்ல இறக்கும் என்பதால், திங்களன்று தெளிவாக இருந்தது வெள்ளியன்று கூழாக இருப்பதில் ஆச்சரியமில்லை.

கோலேட்டின் சிஎம்சி எவ்வளவு? ஒருவர் 6 என்கிறார், இன்னொருவர் 14 என்கிறார்.

இருவரும் சரி. சிஎம்சி என்பது மிசெல் தொடங்கும் செறிவு. எஸ்டிஎஸ்ஸில் 8 மில்லிமோலாரில் வரைபடம் பளிச்சென்று முறியும். கோலேட்டில் முறிவு கிடையாது, வளைவுதான்: இரண்டு சேரும், மூன்று சேரும், இன்னும் சேரும். எந்த முறையில் அளக்கிறீர்கள், எவ்வளவு உப்பு இருக்கிறது என்பதைப் பொறுத்து எண் மாறும். டிஆக்ஸிகோலேட்டுக்கு 2 முதல் 6 வரை சொல்வார்கள்.

ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது இங்கே செல்லாது. நூலில் உள்ள எண்ணை எடுத்துக் கணக்கில் போடாமல், உங்கள் தாங்கல் கரைசலில், உங்கள் வெப்பநிலையில் பைரீன் (மிசெல்லில் சேர்ந்ததும் ஒளிர்வு மாறும் பொருள்) வைத்து ஒரு முறை அளந்துவிடுங்கள். பைரீன் 0.5 மைக்ரோமோலார் போதும். அதற்கு மேல் போனால், இரண்டே மூலக்கூறுள்ள கூட்டைப் பைரீனே உருவாக்கிவிடும் ஆபத்து உண்டு.

என்எம்ஆர் பரவல் அளவீட்டிலிருந்து கட்டுண்ட பங்கை எப்படிக் கணக்கிடுவது?

அடிப்படை எளிது. அளந்த பரவல் எண் (மூலக்கூறு எவ்வளவு வேகமாகப் பரவுகிறது என்பதன் அளவு) என்பது கட்டுண்டதற்கும் தனித்ததற்கும் இடைப்பட்ட சராசரி. ஆகவே கட்டுண்ட பங்கு = (தனி − அளந்தது) ÷ (தனி − மிசெல்). கையாள வசதியான எண்களை வைத்துப் பார்ப்போம். கோலேட் 40 மில்லிமோலார். அலகு 10⁻¹⁰ சதுர மீட்டர்/நொடி: தனிப் பெப்டைடு 4.0, மிசெல் 2.0, அளந்தது 3.4. பங்கு 0.6 ÷ 2.0 = 0.30.

பெரும்பாலானோர் இங்கேயே நிறுத்திவிடுகிறார்கள். 40 மில்லிமோலார் கோலேட் கரைசல் வெறும் தாங்கல் கரைசலைவிடக் கொஞ்சம் பாகுத்தன்மை கூடியது. மிசெல்கள் வழியையும் மறிக்கும். ஒட்டாத பெப்டைடுகூட அதில் மெதுவாகத்தான் போகும். எனவே கோலேட் உள்ளது, இல்லாதது என இரண்டு குழாயிலும், ஒப்பீட்டுக்காகத் துளி டையாக்சேன் சேர்த்து அதன் பரவலையும் அளக்க வேண்டும். அது 6 சதவீதம் குறைந்தது என்று வைத்துக்கொள்வோம். தனிப் பெப்டைடின் 4.0 இப்போது 3.76. பங்கு 0.36 ÷ 1.76 = 0.205. முப்பது சதவீதம் இருபதாகிவிட்டது! மிசெல்லின் 2.0 அதே குழாயில் அளந்தது என்பதால் அதற்குத் திருத்தம் வேண்டாம். எஸ்டிஎஸ்ஸில் மிசெல் பெரிதாகவும் மெதுவாகவும் இருப்பதால் இப்பிழை அவ்வளவு வலிக்காது. கோலேட்டில் மிசெல்லும் பெப்டைடும் கிட்டத்தட்ட ஒரே அளவு. கழித்தலில் எல்லாம் பெரிதாகிவிடும்.

மேலே போனால், கட்டுண்டதற்கும் தனித்ததற்கும் உள்ள விகிதம் 0.205 ÷ 0.795 = 0.258. சிஎம்சி 12 என்றால் மிசெல்லில் உள்ள கோலேட் 28 மில்லிமோலார். 0.258-ஐ 0.028 மோலாரால் வகுத்தால் பிடிப்பு மாறிலி மோலாருக்கு 9.2. சிஎம்சியை 8 என்று எடுத்தால் 8.1. அதாவது சிஎம்சி சண்டையைவிடப் பாகுத்தன்மைத் திருத்தமே பெரிது. திருத்தாமல் விட்டிருந்தால் 15.3 வந்திருக்கும்.

மிசெல்லின் பரவலைக் கோலேட்டின் குறியிலிருந்து எடுக்காதீர்கள். அதுவும் தனி மூலக்கூறும் மிசெல்லும் கலந்த சராசரிதான். ஹெக்சாமெத்தில்டைசிலாக்சேன் போன்ற தண்ணீரில் கரையாத பொருளை மிகச் சிறிதளவு சேர்த்து அதன் குறியைப் பாருங்கள். பெப்டைடுக்கு 6.8–7.4 பிபிஎம் வளையக் குறிகளையே எடுங்கள். லியூசினின் மெத்தில் குறி கோலேட்டின் 0.9 மலைக்கு அடியில் புதைந்து கிடக்கும். 25 டிகிரிக்கு மேலே போனால் 3 மில்லிமீட்டர் குழாய் நல்லது, வெப்பச் சுழற்சி குறையும். பிபிஎம் அளவுகோலின் பூஜ்யத்தைக் குறிக்கப் பயன்படும் டிஎஸ்எஸ் என்ற பொருளைச் சேர்ப்பதைத் தவிருங்கள். நேர்மின் பெப்டைடோடு அதுவும் இணையும்.

ஒளிர்தல், சிடி, ஐடிசி இவற்றில் எது மேல்?

டிரிப்டோஃபான் இருந்தால் ஒளிர்தல். 295 நானோமீட்டரில் தூண்டுங்கள். 280-இல் தூண்டினால் டைரோசினும் சேர்ந்துகொள்ளும். தண்ணீரில் 355 அருகே இருக்கும் உச்சம் குறுகிய அலைநீளத்துக்கு நகரும். மலிவான கோலேட்டை நம்பாதீர்கள்: மாட்டுப் பித்தத்திலிருந்து எடுப்பதால் ஒளிரும் அசுத்தங்கள் ஒட்டிக்கொண்டு வரும், டிஆக்ஸிகோலேட்டும் சிறிது இருக்கும். பெப்டைடு இல்லாத வெற்றுக் கரைசலை ஒவ்வொரு செறிவிலும் அளந்து கழிக்க வேண்டும். அயோடைடால் ஒளிர்வை அணைக்கும் சோதனையில் மிசெல்லின் எதிர்மின்னேற்றமே அயோடைடை விரட்டும். பெப்டைடு ஆழத்தில் பாதுகாப்பாக இருப்பதாக ஏமாறுவீர்கள். அக்ரிலமைடு நடுநிலையானது, அதையும் சேர்த்துச் செய்யுங்கள்.

பெப்டைடின் வடிவத்தை வட்டமுனைவு ஒளியால் அறியும் சிடியில் 205 நானோமீட்டருக்குக் கீழே கார்பாக்சிலேட்டின் உறிஞ்சுதல் இடைஞ்சல். 0.1 மில்லிமீட்டர் குவெட் உதவும். ஐந்து அமினோ அமிலப் பெப்டைடில் சுருள் தேடுவது எப்படியும் வீண்வேலை. சேர்க்கும்போது வெளிப்படும் வெப்பத்தை அளக்கும் ஐடிசியில், அறை வெப்பநிலையை ஒட்டி மிசெல் உடையும் வெப்பம் பூஜ்யத்தை நெருங்கி, வெப்பநிலைக்கு ஏற்பக் குறியும் மாறும். ஒன்றும் நடக்கவில்லை என்று முடிவு கட்டுமுன் 15, 25, 40 டிகிரிகளில் செய்து பாருங்கள்.

புரோட்டியோமிக்ஸில் (புரதங்களை மொத்தமாக ஆராயும் துறை) டிஆக்ஸிகோலேட்டை அமிலமிட்டு நீக்கும்போது பெப்டைடுகள் தொலைகின்றனவே?

ஆம், அதே ஒட்டுதல்தான். 1 சதவீதக் கரைசல் என்பது 24 மில்லிமோலார், அதாவது சிஎம்சிக்கு வெகு மேலே. புரதத்தைப் பெப்டைடுகளாக வெட்டும் டிரிப்சின் நொதி அதில் நன்றாகவே வேலை செய்யும். பிறகு டிரைஃப்ளூரோஅசெட்டிக் அமிலத்தை 1 சதவீதம் வரை சேர்த்ததும் டிஆக்ஸிகோலிக் அமிலம் வெள்ளைக் கட்டியாகப் படியும்; அதன் முதுகில் ஒட்டியிருந்த தண்ணீர் வெறுக்கும் பெப்டைடுகளும் கூடவே இறங்கும். நீளமான, லியூசின் மிகுந்தவைதான் முதலில் போகும். படிவை வீசாமல் ஒரு முறை நீர்த்த அமிலத்தால் கழுவி மேல்நீரைச் சேர்த்துக்கொள்ளுங்கள். இன்னும் நல்லது, அமிலமிடும்போதே சம அளவு எத்தில் அசிடேட் ஊற்றிக் குலுக்குவது: பித்த அமிலம் மேலே உள்ள கரிமப் படலத்துக்குப் போகும், பெப்டைடு கீழே தண்ணீரில் நிற்கும். 12 மில்லிமோலார் டிஆக்ஸிகோலேட்டோடு 12 மில்லிமோலார் லாராய்ல்சார்கோசினேட் கலந்து செய்யும் முறை இப்படிப்பட்டதே. ஜப்பானிய ஆய்வாளர்கள் 2008-இல் வெளியிட்டது.

கரைசலில் பாதுகாப்புக்காகச் சோடியம் அசைடு சேர்த்திருந்தால் இந்த அமிலமிடும் படியைச் செய்யவே கூடாது. நச்சு வாயு வரும்.

எல், டி பெப்டைடுகளை இது வேறுபடுத்துமா?

வேறுபடுத்தும். பித்த உப்பே கைத்திசை கொண்டது. எஸ்டிஎஸ் கண்ணுக்கு ஆடிப்பிம்ப இணைகள் இரண்டும் ஒன்றே. கோலேட் கண்ணுக்கு வேறு. நுண்குழாய் மின்புலப் பிரிப்பில் (கேப்பிலரி எலக்ட்ரோஃபோரெசிஸ்), டான்சில் என்ற ஒளிரும் குழு ஒட்டிய அமினோ அமிலங்களின் டி, எல் வடிவங்களை டாரோடிஆக்ஸிகோலேட் என்ற பித்த உப்பால் 1989-இல் தெராபே குழுவினர் பிரித்தார்கள். வேறுபாடு சிறியது, பரவல் அளவீட்டில் பிடிபடாமல் போகலாம், மின்புலப் பிரிப்பில் பிடிபடும்.

குடலில் நடப்பதைச் சோதிக்க வெறும் கோலேட் போதுமா?

போதாது. உண்ணாநிலைக் குடல்நீருக்குப் பதிலாக ஆய்வகங்கள் பயன்படுத்தும் ஃபாசிஃப் கரைசலில் டாரோகோலேட் என்ற பித்த உப்பு 3 மில்லிமோலார், லெசித்தின் என்ற கொழுப்பு 0.75 மில்லிமோலார், பிஎச் 6.5. உண்டபின் உள்ள நிலைக்கு ஃபெசிஃப்: 15-ம் 3.75-ம், பிஎச் 5.0. அந்தப் பிஎச்சில் கோலேட் படிந்துவிடும். டாரோகோலேட்டின் சல்ஃபோனேட் முனை பிஎச் 2 வரை மின்னேற்றத்தை விடாது என்பதால் தெளிவாகவே இருக்கும். லெசித்தின் சேர்ந்ததும் கூட்டு பெரிதாகி, தண்ணீர் வெறுக்கும் பெப்டைடு படிய உண்மையிலேயே ஓர் இடம் கிடைக்கிறது. 11 அமினோ அமிலம் கொண்ட வளையப் பெப்டைடான சைக்ளோஸ்போரினின் பழைய எண்ணெய் வடிவ மருந்து, பித்தம் குறைந்த நோயாளிகளிடம் சரியாக உறிஞ்சப்படாமல் போனது இதனால்தான். கோலேட்டில் கிடைத்த மாறிலியை அப்படியே குடலுக்கு நீட்டாமல், அதே பெப்டைடை ஃபாசிஃபில் ஒரு குழாய், லெசித்தின் இல்லாமல் இன்னொரு குழாய் என்று வைத்து அளந்து பாருங்கள்.